கடல் கடந்த பரிசுகளும் கரையோரத்து எழுத்தும்

பரிசு பெற்ற நூல் எதுவென்று முதலில் கேட்டறிந்து, அதன் பின்னரே அந்நூலைப் படிக்க முனையும் வழக்கம் நம் மாணவரிடையே மட்டுமன்றி ஆசிரியரிடையேயும் வேரூன்றி வருகிறது. 2022இல் ஷெஹான் கருணாதிலக்கவின் ‘மாலி அல்மெய்தாவின் ஏழு நிலவுகள்’ புக்கர் பரிசைப் பெற்றது. 2023இல் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’, அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கிலப் பெயர்ப்பின் வாயிலாகப் பன்னாட்டுப் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. தமிழ் நாவல் ஒன்று அப்பட்டியலை எட்டியது அதுவே முதன்முறை. 2025இல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் சிறுகதைத் தொகுதியாகிய ‘இதய விளக்கு’ தீபா பாஸ்தியின் மொழிபெயர்ப்பில் அதே பன்னாட்டுப் பரிசை வென்றது. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் நம் கரையோரத்தில் எழுத்தை நேசிப்போர் இச்செய்திகளைக் கேட்டு மகிழ்ந்ததில் வியப்பில்லை. தென்னாசியர் ஒருவரின் குரல் உலக அரங்கில் ஒலிக்கும்போது நாமும் தலைநிமிர்கிறோம்.

மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், மகிழ்ச்சி விமர்சனத்துக்கு ஈடாகாது. இப்பரிசுகளை வழங்குவோர் யாவர்? அவற்றுக்கான பணம் எவ்வழியில் வந்தது? எம்மொழியினருக்கு அவற்றின் வாயில் திறந்திருக்கிறது, எம்மொழியினருக்கு அடைத்திருக்கிறது? எந்த வாசகனை மனங்கொண்டு நூல்கள் தெரியப்படுகின்றன? இவ்வினாக்களை எழுப்பாது பரிசுப் பட்டியல்களை இலக்கியத் தரத்தின் உரைகல்லாக ஏற்பது, அறிந்தோ அறியாமலோ நம் தீர்ப்புரிமையைப் பிறரிடம் ஒப்படைப்பதாகவே முடியும்.

முதலில் பணம் வந்த வழியை நோக்குவோம். 1969இல் முதன்முதல் வழங்கப்பட்ட புக்கர் பரிசு, புக்கர் மக்கொனல் என்னும் வணிக நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. அந்நிறுவனம் பிரித்தானிய கயானாவின் கரும்புத் தோட்டங்களிற் கொழுத்தது. கயானாவின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டோருள் சென்னை மாகாணத்துத் தமிழரும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. 1972இல் பரிசு பெற்ற ஆங்கில எழுத்தாளர் ஜோன் பெர்ஜர் இதை மேடையிலேயே எடுத்துரைத்தார். கரீபியன் மக்களின் வறுமைக்கும் இந்நிறுவனத்தின் நூற்று முப்பது ஆண்டு வாணிபத்துக்கும் உள்ள தொடர்பைச் சுட்டி, பரிசுப் பணத்திற் பாதியை இலண்டனில் இயங்கிய கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்துக்கு அளித்தார். கல்லோயாத் திட்டத்தின் கரும்பு நிலங்களையும் ஹிங்குரானைச் சீனி ஆலையையும் அறிந்த நம் மாவட்டத்தவர்க்குச் சீனியின் பின்னுள்ள வியர்வையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பின்னாளில் அப்பரிசைப் பேணும் பொறுப்பு மான் குழுமம் என்ற நிதி முதலீட்டு நிறுவனத்திடம் சென்றது. 2002 முதல் 2019 வரை அதன் பெயரே பரிசின் முன் நின்றது. அதே நிறுவனம் ஆசிய நாவல்களுக்கென மான் ஆசிய இலக்கியப் பரிசையும் தாங்கியது. 2007 தொடக்கம் 2012 வரையான ஆறு ஆண்டுகளுக்கே அது வழங்கப்பட்டது. நிறுவனம் கையை விரித்ததும் பரிசும் நின்றது. தென்னாசிய இலக்கியத்துக்கென 2011இல் முதல் விருதை அளித்த டி.எஸ்.சி. பரிசு கட்டுமான நிறுவனமொன்றின் பெயரைத் தாங்கியது. 2019க்குப் பின் அதுவும் வழங்கப்படவில்லை. இந்தியாவில் 2018 முதல் 2024 வரை வழங்கப்பட்ட ஜே.சி.பி. இலக்கியப் பரிசு, மண் அள்ளும் பொறிகளைச் செய்யும் நிறுவனத்தினது. இந்தியாவில் ஏழை முஸ்லிம்களின் வீடுகளையும் பலஸ்தீனரின் வீடுகளையும் இடிப்பதற்கு அதே பொறிகள் பயன்பட்டன என்று குற்றஞ்சாட்டி, 2024இல் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர்.

இவ்வரலாறு இரு உண்மைகளை உணர்த்துகிறது. ஒன்று, கலைக்கு அளிக்கும் கொடையின் மூலம் நற்பெயரைத் தேடிக்கொள்வது மூலதனத்தின் பழைய உபாயம். மற்றொன்று, இலாபக் கணக்கின் ஓரத்தில் எழுதப்பட்ட இலக்கியப் பற்று, கணக்கு மாறும்போது அழிக்கப்படும். ஒரு மொழியின் இலக்கியம் உலகை அடைவதற்கான பாதை, நிறுவனமொன்றின் ஆண்டறிக்கையில் தங்கியிருக்க முடியாது.

இனி, வாயில் யாருக்குத் திறந்திருந்தது என்பதைப் பார்ப்போம். மான் ஆசியப் பரிசை வென்ற அறுவரில் நால்வர் மொழிபெயர்ப்பின் வழி வந்தோர்: சீனரான ஜியாங் ரோங், சூ தோங், பீ ஃபெய்யு ஆகியோரும் கொரியரான ஷின் கியுங்-சூக்கும். ஏனைய இருவரும் ஆங்கிலத்தில் எழுதியோர். தென்னாசியர் ஒருவரேனும் அவ்வறுவரில் இல்லை. டி.எஸ்.சி. பரிசு ஒன்பது முறை வழங்கப்பட்டது. தென்னாசிய மொழிகள் அனைத்துக்கும் பொதுவெனப் பறைசாற்றப்பட்ட அப்பரிசை மொழிபெயர்ப்பு நூலொன்று பெற்றது ஒரேயொரு முறை. 2018க்கான பரிசு, கன்னடத்தில் ஜயந்த் காய்கிணி எழுதித் தேஜஸ்வினி நிரஞ்சனா பெயர்த்த கதைகளுக்குக் கிடைத்தது. ஏனைய எட்டும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டவை. அவ்வெட்டினுள் இலங்கையருக்குரியவை இரண்டு: கருணாதிலக்கவின் ‘சைனமன்’, அனுக் அருட்பிரகாசத்தின் ‘ஒரு சுருக்கமான திருமணத்தின் கதை’. ஜே.சி.பி. பரிசின் நிலை சற்று வேறு. ஏழு பரிசுகளில் ஐந்து மொழிபெயர்ப்புகளுக்குச் சென்றன. மலையாளத்துக்கு மூன்று, உருதுவுக்கு ஒன்று, 2023இல் பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’யை ஜனனி கண்ணன் பெயர்த்தமையால் தமிழுக்கு ஒன்று. ஆனால், அது இந்தியக் குடிமக்களுக்கே உரியதாயிருந்தது.

ஆகவே, மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ இருந்து தமிழில் நாவல் எழுதும் ஒருவரின் நிலை யாது? புக்கர் பரிசு அவருக்கு இல்லை. அது ஆங்கிலத்தில் எழுதப்படும் நாவலுக்குரியது. ஜே.சி.பி. பரிசு அவருடைய குடியுரிமையால் அடைபட்டிருந்தது. மைக்கல் ஒண்டாச்சி தமது 1992ஆம் ஆண்டுப் புக்கர் பணத்தைக் கொண்டு நிறுவிய கிரேஷியன் பரிசு இலங்கையில் வாழ்வோரின் ஆங்கிலப் படைப்புகளுக்கே வழங்கப்படுகிறது. சிங்களத்திலிருந்தும் தமிழிலிருந்தும் ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்படும் நூல்களுக்கென அவ்வமைப்பு எச்.ஏ.ஐ. குணதிலக்கவின் பெயரால் ஒரு பரிசைப் பின்னர் ஏற்படுத்தியது, அது வரவேற்கத்தக்கது. பன்னாட்டுப் புக்கர் பரிசோ, பிரித்தானியாவிலோ அயர்லாந்திலோ வெளியிடப்பட்ட மொழிபெயர்ப்புகளை மட்டுமே கருத்திற் கொள்கிறது. நம் எழுத்தாளருக்கு முதலில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பின் இலண்டன் வெளியீட்டாளர் ஒருவர் வேண்டும். அதன்பின் நடுவரின் கண் படவேண்டும். இவ்வளவு படிகளையும் ஏறாத நூல் தரங்குறைந்தது என்று முடிவு கட்டுவோமாயின், அது கதவு எண்ணைக் கொண்டு வீட்டின் உறுதியை மதிப்பிடுவதை ஒக்கும்.

நிற்க. எந்த வாசகனுக்காக இந்நூல்கள் தெரியப்படுகின்றன என்பதே யாவற்றினும் முக்கியமான வினா. இதற்கு முதற் சான்று இரவீந்திரநாத தாகூர். 1912இல் இலண்டனில் வெளிவந்த ஆங்கிலக் ‘கீதாஞ்சலி’ நூற்று மூன்று பாடல்களைக் கொண்டது. அவற்றைக் கவிஞரே உரைநடையிற் பெயர்த்தார். மறுஆண்டு நொபெல் பரிசு கிடைத்தது. ஐரோப்பா அவரைக் கிழக்கின் ஞானியாகக் கண்டது. பத்மா நதிக்கரைக் குடியானவரையும் தபாலதிபரையும் எழுதிய சிறுகதை ஆசிரியரைக் காணவில்லை. வங்காளிகள் அறிந்த தாகூர் வேறு. பரிசளித்தோர் அறிந்த தாகூர் வேறு. ஞானியின் மீதிருந்த மோகம் தணிந்ததும் ஐரோப்பிய வாசகர் பெரும்பாலோர் கவிஞரையும் மறந்தனர்.

நம் காலத்துச் சான்று இன்னும் அண்மையிலுள்ளது. கருணாதிலக்கவின் பரிசு நாவல் 2020இல் இந்தியாவில் ‘இறந்தோருடன் உரையாடல்’ என்று பொருள்படும் தலைப்பில் வெளிவந்த நாவலின் திருத்திய வடிவமாகும். மேனாட்டு வாசகருக்கு இலங்கை அரசியலும் நம் தொன்மக் கதைகளும் விளங்கவேண்டும் என்பதற்காக ஆசிரியர் அதனை நீண்டகாலம் திருத்தி எழுதினார். அவரே அதனை வெளிப்படையாகக் கூறியுமுள்ளார். இதனைக் குற்றமெனக் கூற நாம் முன்வரவில்லை. அரச பயங்கரத்தையும் ஆயுதக் குழுக்களின் கொடுமையையும் ஒருங்கே தோலுரித்துக் காட்டும் துணிவுமிக்க நாவல் அது. ஆயினும், இந்நாட்டின் கதையொன்று பரிசின் வாயிலை எட்டுமுன் அந்நிய வாசகனுக்கேற்ப மீண்டும் எழுதப்படுகிறது என்ற உண்மை சிந்திக்கத்தக்கது. திருத்தம் எங்கே விளக்கமாக நிற்கிறது, எங்கே இணக்கமாக மாறுகிறது என்பதை விமர்சகன் நூலுக்கு நூல் பிரித்தறிய வேண்டும்.

ஆங்கில வாசகன் இலங்கையிடம் எதிர்பார்ப்பது எது என்பதும் தெளிவாகவே புலப்படுகிறது. டி.எஸ்.சி. பரிசு பெற்ற அனுக் அருட்பிரகாசத்தின் நாவல், 2021இல் புக்கர் குறும்பட்டியலை எட்டிய அவரது ‘வடக்கு நோக்கிய பயணம்’, கருணாதிலக்கவின் பரிசு நாவல் ஆகிய மூன்றும் போரை மையமாகக் கொண்டவை. போர் எழுதப்பட வேண்டியதே. ஆனால், போர் மட்டுமே ஈழத்தவரின் அடையாளம் எனச் சந்தை முடிவு செய்யுமாயின், வட்டையில் நீருக்காக நடக்கும் பிணக்கும், தறிக்கும் நூல் விலைக்குமிடையே நெரியும் மருதமுனை நெசவாளரின் வாழ்வும், கரைவலை இழுப்போரின் பங்குக் கணக்கும் எக்காலத்தில் கதையாகும்?

முஸ்லிம் பெண்ணைப் பற்றிய சித்திரத்தை இதற்கு உதாரணமாகக் கொள்வோம். முக்காடு, கொடுமைக்காரக் கணவன், தப்பியோடும் நாயகி என்னும் வார்ப்பு மேனாட்டுப் புத்தகச் சந்தையில் நன்கு விலைபோவது. நம் கரையோரத்து முஸ்லிம்களின் வாழ்க்கை இவ்வார்ப்பினுள் அடங்குவதன்று. இங்கே குடி வழி தாய்வழியாக வருகிறது. மணமகனே மணமகள் வீட்டிற் குடிபுகுகிறான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்கின்றன. இதனால் பெண்ணுக்குத் தன் தாயின் அருகில், தன் கூரையின் கீழ் வாழும் பாதுகாப்பு உண்டு. அதே வேளை, மகளுக்கொரு வீடு கட்டும் கடனுக்காக வாப்பாவும் சகோதரரும் ஆண்டுக்கணக்கில் மத்திய கிழக்கு நாடுகளில் உடலை உருக்குகின்றனர். வீடில்லாத ஏழைப் பெண் மணமின்றிக் காத்திருக்கிறாள். உரிமையும் சுமையும் ஒரே சுவரின் இருபுறமாக நிற்கும் இம்முரண்பாடு பெரும் நாவலுக்குரிய பொருள். இதை வர்க்கப் பார்வையோடு எழுதும் ஒருவரின் நூலில், வார்ப்பை எதிர்பார்த்து வரும் வாசகன் தான் தேடியதைக் காணமாட்டான். எழுத்தாளர் அவனுக்காகச் சீதன வீட்டை மறைத்து முக்காட்டை மட்டும் காட்டுவாராயின், பரிசு கிடைக்கக்கூடும், உண்மை தொலைந்துபோகும்.

இவ்விடத்தில் ஒரு சாரார், இப்பரிசுகள் யாவும் ஏகாதிபத்தியத்தின் சூழ்ச்சி, அவற்றை முற்றாக ஒதுக்குவதே முறை என்பர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. பானு முஷ்தாக்கின் நூலே இதற்கு மறுப்பாக நிற்கிறது. அவர் வழக்கறிஞர், இதழியலாளராகவும் பணியாற்றியவர், கர்நாடகத்தில் சாதியையும் சுரண்டலையும் எதிர்த்தெழுந்த பண்டாய இலக்கிய இயக்கத்தில் வளர்ந்தவர். 1990 முதல் 2023 வரை எழுதிய கதைகளிலிருந்து பன்னிரண்டு அந்நூலிற் சேர்ந்துள்ளன. தென்னிந்திய முஸ்லிம் பெண்களின் துயரை அவர் எழுதியது மேனாட்டாரின் அனுதாபத்தை வேண்டியன்று. தம் சமூகத்தினரோடு கன்னடத்தில் வழக்காடுவதற்கே. மொழிபெயர்ப்பாளரும் கன்னட, உருது, அறபுச் சொற்களுக்கு அடிக்குறிப்பு எழுதி வாசகனை உபசரிக்கவில்லை. ஆங்கிலம் கன்னடத்தின் தொனியோடு பேசவேண்டும் என்பதே அவரது கொள்கை. தன்னை வளைத்துக்கொள்ளாத நூலும் பரிசை எட்டலாம் என்பதற்கு இது சான்று.

ஆனால், இங்கு காரணகாரியத் தொடர்பைத் தலைகீழாக விளங்கிக்கொள்ளலாகாது. பரிசு 2025இல் வந்தது. அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரை எழுதவைத்தவை கன்னடத்து இயக்கமும், சிறு ஏடுகளும், வாதிட்ட வாசகருமேயாவர். அவை இல்லாதிருப்பின் மொழிபெயர்க்க ஒரு நூலே இருந்திராது. கொரியாவின் அனுபவமும் இதையே வேறொரு வகையில் உணர்த்துகிறது. ஹான் காங்கின் ‘தாவர உணவுக்காரி’ 2016இல் பன்னாட்டுப் புக்கர் பரிசையும், அவர் 2024இல் நொபெல் பரிசையும் பெற்றதற்குப் பின்னால், தன் இலக்கியத்தை உலகமொழிகளுக்குப் பெயர்ப்பதற்கென அந்நாட்டு அரசு 1990களிலிருந்து பொதுப்பணத்தைச் செலவிட்டு நடத்திவரும் நிறுவனமொன்றின் உழைப்பு இருக்கிறது. பரிசு தற்செயலாக வானத்திலிருந்து விழுவதன்று.

ஆங்கிலப் புகழ் எழுத்தாளனுக்குக் கவசமாகும் என்ற நம்பிக்கையும் ஆய்வுக்குரியது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. அதன் ஆங்கிலப் பெயர்ப்பு 2013இல் வந்தது. 2014இன் இறுதியில் சாதிய, மதவாத சக்திகள் அவருக்கெதிராகக் கிளர்ந்தன. 2015 ஜனவரியில் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவிக்கும் நிலை உருவாயிற்று. அவருக்காகத் தெருவிலும் நீதிமன்றிலும் நின்றோர் தமிழ்நாட்டு முற்போக்கு எழுத்தாளரும் வாசகருமே. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பின்னரே பேனா மீண்டும் எழுந்தது. உள்நாட்டில் வாசகர் படையில்லாத எழுத்தாளனைக் கடல் கடந்த பாராட்டு காப்பாற்றாது.

ஆங்கில வாசகனின் மதிப்பீட்டுக்கு மாற்றாக வேறொரு பாதை ஒருகாலத்தில் இந்நாட்டிலிருந்தே தொடங்கியது என்பதை நம் இளைஞர் பலர் அறியார். 1958இல் தாஷ்கண்டில் கூடிய ஆசிய ஆபிரிக்க எழுத்தாளர் மாநாட்டையடுத்து, அவ்வமைப்பின் நிரந்தரச் செயலகம் கொழும்பிலேயே அமைந்தது. சீன சோவியத் பிளவு அதனைச் சிதைத்தது. 1960களின் நடுவில் அது கெய்ரோவுக்குச் சென்றது. அங்கிருந்து அறபு, ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளில் ‘தாமரை’ என்னும் பொருளுடைய ‘லோட்டஸ்’ ஏடும், 1969 முதல் அதே பெயரில் ஒரு பரிசும் வெளிவந்தன. முதற் பரிசாளருள் ஒருவர் பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ். அவ்வமைப்பும் அரசுகளின் பிடியிலிருந்து முற்றும் விடுபட்டதன்று. சோவியத் உதவி குன்றியதும் அதுவும் தளர்ந்தது. ஆயினும், ஆசியரும் ஆபிரிக்கரும் இலண்டனின் அனுமதியின்றி ஒருவரையொருவர் படிக்கலாம் என்ற எண்ணத்தை அது விதைத்தது.

அவ்வெண்ணம் நம் ஊரிலும் காய்த்தது. கல்முனைக்குடியிற் பிறந்த எம்.ஏ. நுஃமான், பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழிற் பெயர்த்து 1981இல் நூலாக வெளியிட்டார். ஆங்கிலத்தின் வழியாகவே அக்கவிதைகள் அவரை அடைந்தன. எனினும், ஆங்கிலம் அங்கே எசமானாக இருக்கவில்லை, தோணியாக இருந்தது. தர்வீஷின் அகதித் துயர், அடுத்தடுத்த ஆண்டுகளில் தம் மண்ணிலேயே அகதிகளாகவிருந்த தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சொந்தத் துயராக ஒலித்தது. எந்தப் பரிசுக்குழுவும் விதிக்காத பணி இது. நம் இலக்கிய வரலாற்றில் இதற்குரிய இடத்தை எப்பட்டியலும் அளிக்கத் தேவையில்லை, நாமே அளிக்கவேண்டும்.

ஆகவே, செய்யத்தக்கது யாது? முதலாவது, நம் நாட்டுக்குள்ளேயே உள்ள மொழிச்சுவரைத் தகர்த்தல். கல்முனையிலிருந்து ஒரு மணிநேரப் பேருந்துப் பயணத்தில் அம்பாறை நகரின் சிங்கள வாசகர் வாழ்கின்றனர். ஒரே கல்லோயா நீரில் வேளாண்மை செய்யும் இரு மக்களும், ஒருவர் கதையை மற்றவர் அறிய இலண்டன் வரை சென்று ஆங்கிலத்தில் திரும்பவேண்டியிருப்பது எத்தகைய அவலம்! தமிழுக்கும் சிங்களத்துக்குமிடையே நேரடிப் பெயர்ப்பு எந்தப் பன்னாட்டுப் பரிசினும் அவசரமானது. 2019இன் உயிர்த்த ஞாயிறுக்குப் பின் முஸ்லிம் என்ற சொல்லே அச்சத்தோடு உச்சரிக்கப்பட்ட நாட்களை எண்ணுவோர்க்கு, அயலவரின் கதையை அறியாமையின் விலை எவ்வளவு என்பது புரியும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பாளனை உழைப்பாளியாக மதித்தல். பன்னாட்டுப் புக்கர் பரிசின் ஐம்பதினாயிரம் பவுண் ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பகிரப்படுகிறது. இந்நியதியை நாம் தயக்கமின்றிப் பின்பற்றலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மும்மொழியும் பயிலும் மாணவர் அங்கே உள்ளனர். போடியார், வட்டைவிதானை, சீதன வீடு ஆகிய சொற்களின் பின்னுள்ள வாழ்வை அறிந்த அம்மாணவரைக்கொண்டு ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறை நடத்துவது எட்டாக் கனியன்று. போடியாரை நிலவுடைமையாளர் என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லாற் பெயர்த்துவிட்டால், கடன் கொடுப்பவரும் பள்ளிவாசல் நிருவாகியும் கலியாணத்துக்கு முன்னிற்பவருமாகிய ஒருவரின் முழு அதிகாரமும் மறைந்துவிடும். இதனை இம்மண்ணின் மாணவரே உணர்வர்.

மூன்றாவது, நம் நூல்களை நாமே படித்தல். மருதூர்க்கொத்தனின் சிறுகதைகளையும், நீலாவணனின் கவிதைகளையும், சோலைக்கிளியின் கவிதைகளையும் வகுப்பறைக்குக் கொண்டு செல்லாத ஆசிரியர், பரிசு நாவலைப் பற்றி மாணவருக்கு விரிவுரை நிகழ்த்துவது பொருந்துமா? பதிப்பிறந்த ஈழத்து நூல்கள் பலவற்றை ‘நூலகம்’ எண்ணிம நூலகம் 2005 முதல் இலவசமாக அளித்து வருகிறது. கிடைக்கவில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது.

பரிசு பெற்ற ஆசிய நூல்களை நம் மாணவர் படிக்கட்டும். பானு முஷ்தாக்கையும் ஹான் காங்கையும் தமிழிற் கொணரட்டும். அந்நூல்களில் நாம் கற்கவேண்டியவை ஏராளம். ஆனால், நம் எழுத்தாளர் பேனாவைத் தொடும்போது அவர் கண்முன் நிற்கவேண்டியவர் இலண்டன் நடுவரல்லர். சாய்ந்தமருதுக் கடற்கரையில் வலையிழுப்பவரும், மருதமுனைத் தறியில் இருப்பவரும், பாலைவன நாட்டிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்பும் பெண்ணுமே. அவர்கள் தம் வாழ்வு மெய்யாக எழுதப்பட்டிருக்கிறது என ஏற்கும் நூலை எம்மொழியிற் பெயர்த்தாலும் அது நிற்கும். அத்தகைய நூல்களை எழுதுவிக்கும் வாசகரை உருவாக்குவதே ஆசிரியர்களாகிய நம் பணி.